நம் வானத்துக்கு ஏற்ற அளவை வையுங்கள்: சாதனைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேசிய கிளைடர் சாதனைக் குழுவினருக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்தில் பறக்கும் எங்கள் குழுவைச் சேர்ந்த பெண்ணின் சாதனை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். பறந்த பாதையைப் பதியும் முத்திரையிட்ட கருவி, அதிகாரபூர்வப் பார்வையாளரின் கையொப்பம், பாதையில் திரும்ப வேண்டிய புள்ளிகள் எல்லாம் சரி என்று உங்கள் கடிதமே சொல்கிறது. ஆனாலும் அவள் பறந்த 100 கிலோமீட்டர் முக்கோணப் பாதை போதாதாம், 300-க்குக் குறைந்த எதையும் தேசியச் சாதனையாக ஏற்பதற்கில்லையாம். பெண்கள் பிரிவில் அந்த இடம் இன்றுவரை காலியாகத்தான் கிடக்கிறது.

300 எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கும் தெரியும். கிளைடர் விமானிகளுக்கான தங்கச் சின்னத்துக்கு உலக வான்விளையாட்டுச் சம்மேளனம் கேட்கும் தூரம் அது. கோடையில் பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருக்கும் ஐரோப்பிய நாடுகளில் அது எட்டக்கூடிய தூரம். நம் ஊரில் பதினொரு மணிக்கு மேல்தான் தெர்மல், அதாவது கிளைடரைத் தூக்கும் வெப்பக் காற்று, எழும்பும். மூன்று மணிக்கெல்லாம் மலைப்பக்கம் கறுத்து, இடி இறங்கத் தொடங்கிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் 300-க்கு ஐந்து மணி நேரம் வேண்டும். வானம் கொடுப்பதோ நான்கு.

நேரத்தையாவது விடுங்கள். இறங்குவதற்கு இடம் எங்கே? எங்களிடம் இருப்பது ஏஎஸ்கே 21 என்ற ஒரே ஒரு பயிற்சிக் கிளைடர். காற்று அசையாமல் இருந்தால், 1000 மீட்டர் உயரத்திலிருந்து 34 கிலோமீட்டர் மிதந்து வரும். மழை இறங்கிய காற்றில் அதில் பாதியைக்கூட நம்ப முடியாது. கீழே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனை. ஏக்கருக்கு 55, 60 மரம். இறக்கையை நுழைக்க இடைவெளி கிடையாது. மறுநடவுக்காக மரம் சாய்த்த செம்மண் திட்டு எங்கே, அதற்கு மேல் தெர்மல் கிடைக்குமா, ஆலைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது, இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு கிலோமீட்டரையும் கடக்க வேண்டும்.

இந்தப் பெண் முன்பு ஒருமுறை மேலே காற்று கிடைக்காமல் தோட்டத்து மாரியம்மன் கோயில் திடலில் இறங்கினாள். திடலைச் சுற்றிலும் ஆளுயரத்துக்குப் பல மடங்கு வளர்ந்த பனை. மரத்தின் தலையைத் தாண்டி இறங்குவதற்குள் பாதித் திடல் போய்விட்டது. கோல் கம்பத்துக்கு முன்னால் போய் நின்ற கிளைடரின் வால் சக்கரத்தில் பச்சை மட்டைக் கீற்று சிக்கியிருந்தது. நான்தான் அதை இழுத்து எடுத்தேன். பிறகு இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றினோம். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்புறமும் விடாமல் பறந்து, முடித்துக் காட்டியதுதான் நீங்கள் திருப்பி அனுப்பிய அந்த 100 கிலோமீட்டர்.

சம்மேளனத்தின் உலகச் சாதனைப் பிரிவுகளிலேயே 100 கிலோமீட்டர் முக்கோண வேகம் என்று ஒன்று இருக்கிறது. உலகத்துக்குப் போதுமான தூரம் மலேசியாவுக்கு ஏன் போதவில்லை? இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் கிளைடரின் இறக்கை 17 மீட்டர். 15 மீட்டர் பிரிவுக்குள் அடங்காததால் அது இறக்கை நீளத்துக்கு வரம்பில்லாத திறந்த பிரிவில் போய் விழுகிறது. 25 மீட்டருக்கும் மேல் இறக்கை நீண்ட கிளைடர்கள் பறக்கும் பிரிவு அது. பயிற்சிக் கிளைடரை அவற்றோடு நிறுத்தி, தூரத்தையும் கூட்டி வைத்தால் யார்தான் முயற்சி செய்வார்கள்?

குறைந்தபட்ச அளவே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. ஓடுதளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சாதனை என்று யாரும் வந்து நிற்கக் கூடாது. அளவு வேண்டும், அது இங்கே பறந்து பார்த்து வைத்த அளவாக இருக்க வேண்டும். அதைத்தான் கேட்கிறோம்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த எங்களுக்கு இது பழகிப்போன வலி. தோட்டங்களை விற்று வீடமைப்புத் திட்டம் வரும்போது முதலில் காணாமல் போவது பிள்ளைகள் ஓடி விளையாடிய திடல். திடல் போனபின், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டில் அக்கறை இல்லை என்று மேடையில் பேசுவார்கள். அக்கறையோடு ஒருத்தி வந்தால் விண்ணப்பம் திரும்பி வருகிறது. மன்னிக்கவும், கோபம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எங்கள் வேண்டுகோள் இதுதான். நம் மண்ணிலிருந்து புறப்பட்டுச் செய்யும் சாதனைக்கும், நம் நாட்டவர் வெளிநாட்டில் செய்யும் சாதனைக்கும் தனித்தனிப் பட்டியல் வையுங்கள். பிரிட்டனில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பறக்க வசதி உள்ளவர் 300 என்ன, 500-ம் பறக்கட்டும், மனதாரக் கைதட்டுவோம். உள்நாட்டுப் பட்டியலுக்கு தங்கத்துக்கு முந்தைய வெள்ளிச் சின்னத்தின் 50 கிலோமீட்டரைத் தூரத்துக்கான தொடக்கமாகவும், 100 கிலோமீட்டர் முக்கோணத்தை வேகத்துக்கான தொடக்கமாகவும் வையுங்கள். யாராவது அதைத் தாண்டத் தாண்ட அளவு தானாக உயரும். அளவை முடிவு செய்யும் கூட்டத்துக்கு இங்கே பறப்பவர்களில் ஒருவரையாவது கூப்பிடுங்கள்.

அவளுடைய விண்ணப்பத்தின் நகலையும் பதிவுக் கருவியின் கோப்பையும் இத்துடன் மீண்டும் அனுப்புகிறேன். அடுத்த கூட்டத்தில் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். இந்த முறையும் மறுப்பதாக இருந்தால், நம் வானத்தில் 300 எப்படிச் சாத்தியம் என்பதையும் எழுதி அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிளைடரை இழுத்து மேலே ஏற்றும் வின்ச் இயந்திரத்தை இயக்குபவர், கிளைடர் குழு,
சுங்கை சிப்புட், பேராக்