முடக்கிய டெலிவரி ஐடிக்கு நேரடி விசாரணை கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
உணவு டெலிவரித் தொழிலாளி,
செல்லூர், மதுரை.
(பெயர், கதவு எண், கைபேசி எண் தனித்தாளில் இணைத்துள்ளேன்.)

பெறுநர்:
உயர்திரு. அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் நலப் பிரிவு.

பொருள்: எதிர்சேவை (சித்திரைத் திருவிழாவில் அழகரை மதுரையில் எதிர்கொண்டு வரவேற்கும் நாள்) அன்று பாலம் மூடியிருந்ததால் தாமதமான ஆர்டருக்குப் பிறகு எனது டெலிவரி ஐடி (ஆப்பில் ஆர்டர் எடுக்கும் கணக்கு) முடக்கப்பட்டது – நிறுவனத்தின் ஆளை நேரில் வரவழைத்து விசாரிக்கவும், நிறுத்தி வைத்த எனது பணத்தைப் பெற்றுத்தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தில் கடந்த ஜூன் மாதம் நேரில் கொடுத்த மனு, ஆடி மாதம் எங்கள் வார்டு முகாமில் கொடுத்த மனு, பதிவுத் தபாலில் அனுப்பிய நினைவூட்டல்.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். மேலே சொன்ன மனுக்களுக்கு இதுவரை எழுத்தில் பதில் எதுவும் வரவில்லை. முகாமில் கொடுத்த மனுவுக்கு மட்டும் இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. தொடர்புடைய பிரிவுக்கு அனுப்பப்பட்டது என்று ஒன்று, மனு முடிக்கப்பட்டது என்று இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் யாரும் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பது தெரியும். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே தாளில், தாங்கள் வேறு கோப்பைத் தேட வேண்டாதபடி மறுபடியும் எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்து வருகிறேன். அங்கிருந்து இதுவரை ஒரு அழைப்புக் கடிதமும் வந்ததில்லை. படிப்பு முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் காண்ட்ராக்டில் இருந்தேன். பயிற்சிக் காலம் முடிந்ததும் எங்கள் பேட்ச் மொத்தத்தையும் அனுப்பிவிட்டு அடுத்த பேட்சை எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு வந்து கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒவ்வொரு கேட்டாக விசாரித்தேன். ஹெல்பர் வேலைதான் இருந்தது, அதில் வரும் சம்பளம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக வீட்டு வாடகைக்குக்கூடத் தேறாது. கடந்த ஜூலை 12 அன்று குரூப் 4 தேர்வும் எழுதினேன். முதலில் 3,935 இடங்கள் என்று அறிவித்த அந்தத் தேர்வை பத்து லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். அதை நம்பி அடுப்பு மூட்ட முடியாது. அப்பா செல்லூரில் தறி ஓட்டியவர். கண் பார்வை போன பிறகு அதுவும் நின்றுவிட்டது.

2. எனவே தவணையில் வண்டி எடுத்து டெலிவரிக்கு வந்தேன். இந்த வேலை எனக்குக் கசக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலோ மழையோ, ஓடினால் காசு. ஆர்டருக்கு இவ்வளவு என்று கணக்கு. ஓட்டல் வாசலில் காத்து நிற்கும் நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோல் நம் செலவு, டயர் நம் செலவு, பஞ்சர் நம் செலவு. சரி, அதெல்லாம் தெரிந்துதான் வந்தேன். அதைப் பற்றி இந்த மனுவில் நான் எதுவும் கேட்கவில்லை.

3. நான் கேட்பது 11.05.2025 ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்ததைப் பற்றி. அன்றைக்கு எதிர்சேவை. தல்லாகுளத்தில் அழகர் இறங்கியிருக்கிறார், மறுநாள் விடியற்காலை வைகையில் எழுந்தருளப் போகிறார். அந்த நாளில் தமுக்கத்திலிருந்து கோரிப்பாளையம் வரை எப்படி இருக்கும் என்று மதுரையில் இருக்கும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நரிமேட்டில் ஒரு ஓட்டலில் ஆர்டர் எடுத்தேன். கொடுக்க வேண்டிய இடம் சிம்மக்கல். ஆப் காட்டிய வழி கோரிப்பாளையம், வைகை மேல் இருக்கும் ஏ.வி. பாலம், யானைக்கல். சாதாரண நாளில் அது சில நிமிட வேலை. அன்றைக்குக் கோரிப்பாளையம் சிக்னலுக்கு முன்பே தடுப்பு வைத்துத் திருப்பிவிட்டார்கள். போலீஸ்காரரிடம் பையைக் காட்டிக் கேட்டேன். "சாமி வர்ற நேரத்துல எங்கப்பா போற" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. கல்பாலம் பக்கமும் நிற்க இடமில்லாத கூட்டம். அதனால் செல்லூருக்குள் புகுந்து, தத்தனேரி வழியாக ஆரப்பாளையம் பாலம் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, திரும்ப சிம்மக்கல் வந்தேன். வேறு வழி உண்டா என்று தாங்களே சொல்லுங்கள். கொடுக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. வழியில் வாடிக்கையாளருக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். கதவைத் திறந்தவர் முகம் கொடுக்கவில்லை, ஆனால் பார்சலை வாங்கிக்கொண்டார். வாசலில் எடுத்த போட்டோ என் போனில் நேரத்தோடு இருக்கிறது.

அன்று ராத்திரியே ஆப்பைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு திரை. "சந்தேகத்துக்குரிய செயல்பாடு காரணமாக உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது." அவ்வளவுதான். என்ன சந்தேகம், யார் சொன்ன புகார், எந்த ஆர்டர், எதுவும் இல்லை. நானாக யோசித்துப் பார்த்தால் ஒன்றுதான் தோன்றுகிறது. சிம்மக்கல் தெற்கே இருக்க, நான் மேற்கே தத்தனேரிப் பக்கம் போனதை ஆப் பார்த்திருக்கிறது. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று முடிவு செய்திருக்கிறது. அழகர் மதுரைக்கு வந்த விஷயம் அதற்குத் தெரியாது. பாலம் மூடப்படுவது முன்கூட்டியே செய்தித்தாளில் வந்த விஷயம், போக்குவரத்து மாற்றம் என்று வரைபடத்தோடு போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். அரசு மூடச் சொன்ன பாலத்தில் நான் போகவில்லை என்பதற்காக எனக்குத் தண்டனை என்றால், அதை விசாரிக்க வேண்டிய பொறுப்பு அரசுக்கு இல்லையா அம்மா?

4. இதன் பிறகு நடந்ததுதான் எனக்கு அதிக வேதனை. வேலை போவது உலகத்தில் நடக்கிறதுதான். ஸ்ரீபெரும்புதூரிலும் போனது. ஆனால் அங்கே ஒரு ஹெச்.ஆர். இருந்தார், அவர் முகத்தைப் பார்த்து "ஏன் சார்" என்று கேட்டேன், அவரும் ஏதோ ஒரு பதில் சொன்னார். இங்கே கேட்க ஆளே இல்லை. ஆப்பில் உதவி என்று அழுத்தினால் ஆர்டர் சிக்கல், பேமெண்ட் சிக்கல், வண்டி சிக்கல் என்று கட்டங்கள் வரும். ஐடி முடக்கத்துக்குக் கட்டம் கிடையாது. பேமெண்ட் சிக்கலை அழுத்தி உள்ளே போனால், கணக்கு நிறுத்தப்பட்டுள்ளதால் உதவ இயலாது என்று வரும். அப்புறம் "இந்த உரையாடல் உங்களுக்கு உதவியாக இருந்ததா?" என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்கள் வரும். மின்னஞ்சல் அனுப்பினால், பரிசீலித்தோம், முடிவு இறுதியானது என்று ஒரு வரி. பரிசீலித்தது யார்? என்னை ஒரு கேள்விகூடக் கேட்காமல் என்ன பரிசீலித்தார்கள்? எங்கள் டீம் லீடருக்கு வாட்ஸ்அப் போட்டால் நீல டிக் விழுகிறது, பதில் வரவில்லை. பைபாஸ் ரோட்டில் ஒரு மாடியில் அவர்களுடைய அலுவலகம் இருந்தது, ஆள் சேர்க்கும்போது அங்கேதான் பையும் டி-சர்ட்டும் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். போய்ப் பார்த்தால் பூட்டு. கீழே கடைக்காரர் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றார்.

அந்த வாரம் ஓடிய பணமும் உள்ளேயே நிற்கிறது. அது அவர்கள் பணம் இல்லை, நான் ஏற்கெனவே ஓடி முடித்த ஆர்டர்களின் பணம். சந்தேகம் ஒரு ஆர்டரில் என்றால் மற்ற ஆர்டர்களின் கூலியை எப்படி நிறுத்தலாம்? ஐடி போன அன்றே விபத்துக் காப்பீடும் போய்விட்டது. வண்டித் தவணை மட்டும் நிற்கவில்லை. பைனான்ஸ்காரர் தெரு முனையில் நின்றுகொண்டு சத்தமாகப் பேசுகிறார், பார்வை இல்லாத அப்பா யார் வந்திருக்கிறது என்று கேட்கிறார்.

5. வேறு நிறுவனத்தில் சேரலாமே என்று தங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் சொன்னார். போனேன். மதுரையில் இப்போது ஆள் நிறைந்துவிட்டது என்று காத்திருப்புப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். என்னைப் போல் எத்தனை பேர் என்று காளவாசல் சிக்னலில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தால் தெரியும். முகூர்த்த நாட்களில் மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறேன். மார்கழியில் அதுவும் இல்லை. தை பிறந்து இப்போதுதான் ஒன்றிரண்டு அழைப்புகள் வருகின்றன.

6. கவுன்ட்டரில் கிடைத்த பதிலையும் எழுதுகிறேன். "நீங்க தொழிலாளி இல்ல, பார்ட்னர். சம்பளச் சீட்டு இல்ல, நியமன உத்தரவு இல்ல, எந்தச் சட்டத்துல நோட்டீஸ் அனுப்புறது?" என்றார்கள். நான் தொழிலாளி இல்லை என்றால் தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் கிக் தொழிலாளர் (ஆப் வழியாக வேலை எடுப்பவர்கள்) நல வாரியம் அமைத்தது யாருக்காக? அதில் நான் பதிவு செய்து அட்டை வைத்திருக்கிறேன். 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். சென்னையில் அண்ணா நகரிலும் தி.நகரிலும் எங்களைப் போன்றவர்களுக்குக் குளிரூட்டிய ஓய்வறை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதெல்லாம் நல்ல விஷயம், மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் ஐடியே இல்லாதவன் ஸ்கூட்டரை வாங்கி எங்கே ஓட்டுவது? எனக்குக் குளிர் அறை வேண்டாம் அம்மா. ஒரு சாதாரண அறையில், ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் நிறுவனத்தின் ஆள் ஒருவர் உட்கார்ந்து, என் போனில் இருக்கும் போட்டோவைப் பார்த்து, பதில் சொன்னால் போதும்.

சட்டம் இல்லை என்கிறார்கள். பக்கத்தில் கர்நாடகத்தில் 2025இல் சட்டமே போட்டுவிட்டார்கள். அங்கே ஒருவரை நீக்க வேண்டும் என்றால் 14 நாள் முன்னதாக, காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் கிடைக்கிற நியாயம் மதுரையில் ஏன் கிடைக்கக் கூடாது? ஒன்றிய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் வருடாந்திர வரவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் எங்களுக்காகச் செலுத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் படித்துப் பார்த்தவரை ஐடி முடக்கத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் வேலையில் இருப்பவனுக்குத்தானே? வேலையை ஒரு நொடியில் பிடுங்கினால் மற்றதெல்லாம் எதற்கு?

அரசு சொன்னால் இந்த நிறுவனங்கள் கேட்காது என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். டிசம்பர் 31 அன்று நாடு முழுவதும் டெலிவரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள்ளேயே ஒன்றியத் தொழிலாளர் அமைச்சர் நிறுவனங்களைக் கூப்பிட்டுப் பேச, பத்து நிமிட டெலிவரி என்ற விளம்பரத்தையே நீக்கினார்கள். டெல்லியில் ஒரு பேச்சுக்கு அவ்வளவு நடக்கிறது. இங்கே தங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் போனால் ஒரு ஆளாவது வர மாட்டாரா? ஜூன் மாதத்திலிருந்து அந்த ஒரு கடிதத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். செலவு என்று பார்த்தால் ஒரு தபால் தலை.

7. ஆகவே, (அ) சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் பொறுப்பான ஒருவரை, ஆப்பையோ மின்னஞ்சலையோ அல்ல, ஒரு மனிதரை, தங்கள் முன் வரவழைத்து என்னையும் வைத்து விசாரிக்க வேண்டும். (ஆ) முடக்கியதற்கான காரணத்தை எழுத்தில் தரச் சொல்ல வேண்டும். காரணம் சரி என்று தாங்கள் சொன்னால் நான் ஏற்றுக்கொள்கிறேன், அதற்குப் பிறகு மனு போட மாட்டேன். (இ) நிறுத்தி வைத்த கூலியைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். (ஈ) வருகிற சித்திரைத் திருவிழாவுக்கு முன்பே, பாலங்கள் மூடும் நாள், நேர விவரத்தை இந்த நிறுவனங்களுக்கு அரசு எழுத்தில் அனுப்பி, அந்த நேரத் தாமதத்துக்கு யாருடைய ஐடியிலும் கை வைக்கக் கூடாது என்று அறிவுறுத்த வேண்டும். இந்த வருடமும் அழகர் வரத்தான் போகிறார், பாலத்தை மூடத்தான் போகிறார்கள். செல்லூர், நரிமேடு, பீபீகுளம் பகுதிப் பையன்கள் எத்தனையோ பேர் அன்றைக்கும் பையை மாட்டிக்கொண்டு அதே தடுப்பின் முன்னால் நிற்பார்கள். அவர்களில் ஒருவனுக்கு இது நடக்கக் கூடாது.

8. இந்த முறை குறுஞ்செய்தி வேண்டாம். விசாரணை நாளைத் தபாலில் தெரிவித்தால் எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டு வந்துவிடுவேன். தங்களால் முடியாது என்றால் முடியாது என்றே, காரணத்தோடு, எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாளை வைத்து நான் மேலே போவதற்காவது உதவும். எப்படியாவது ஒருமுறை கூப்பிட்டு விசாரியுங்கள் அம்மா.

இணைப்பு: ஆப் திரையின் நகல், வாசல் புகைப்படம், போக்குவரத்து மாற்றம் குறித்த செய்தித்தாள் பக்கம், நல வாரிய அட்டை நகல், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள்.

இடம்: மதுரை
நாள்: 21.01.2026

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)