அறை வாடகையை மட்டும் ஒப்பிட்டு முதியோர் இல்லம் பரிந்துரைத்தது தொடர்பான புகார்

அனுப்புநர்:
பதிவுக் கட்டணம் செலுத்தித் தங்கள் சேவையைப் பெற்ற குடும்பத்தினர்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பொறுப்பாளர்,
முதியோர் இல்ல ஒப்பீட்டுச் சேவை நிறுவனம்

பொருள்: தவறான ஒப்பீட்டு அட்டவணை, குறைத்துக் காட்டிய செலவுக் கணக்கு, பதிவுக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

எங்கள் ஊரில் உள்ள அசிஸ்டட் லிவிங் இல்லங்களை (அன்றாட வேலைகளுக்கு உதவி தரும் முதியோர் இல்லங்களை) ஒப்பிட்டுத் தாங்கள் அனுப்பிய அட்டவணையை நம்பி, அதில் முதலிடத்தில் இருந்த இல்லத்தில் அம்மாவைச் சேர்த்தோம். முதல் மாத பில் அட்டவணையில் இருந்த தொகையைவிட 36 சதவீதம் கூடுதலாக வந்தது. இல்லம் ஏமாற்றவில்லை; பில்லின் ஒவ்வொரு வரியும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வதற்குத்தான் உங்களுக்குப் பணம் கட்டினோம். அதனால் இந்தப் புகார் உங்கள் மீது.

எண்கள் குழம்பாமல் இருக்க, முதல் இல்லத்தின் மாத அறை வாடகையை 100 என்று வைத்துக்கொண்டே கீழே எல்லாக் கணக்கையும் எழுதியிருக்கிறோம்.

உங்கள் அட்டவணையில் ‘மாதக் கட்டணம்’ என்ற பத்தியில் முதல் இல்லத்துக்கு 100, இரண்டாவதற்கு 112, மூன்றாவதற்கு 128 என்று இருக்கிறது. முதலாவதின் 100இல் அறை, சாப்பாடு, குறைந்தபட்ச உதவி மட்டும்தான். மூன்றாவதின் 128இல் அறை, சாப்பாடு, குளிப்பாட்டுதல், மாத்திரை கொடுத்தல், துணி துவைத்தல் எல்லாமே அடக்கம். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதி, சிறிய எண்ணை மேலே வைத்து, ‘சிக்கனமான தேர்வு’ என்று பச்சை நிறமும் பூசியிருக்கிறீர்கள். (இரண்டாவது இல்லம் ஒவ்வொரு உதவிக்கும் தனித்தனியாகக் காசு வாங்குவது. அதன் விலைப்பட்டியலை நீங்கள் இணைக்காததால் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.)

முதல் இல்லத்தின் பில் இப்படி: அறை 100, பராமரிப்பு இரண்டாம் நிலை 22, மாத்திரை நிர்வாகம் 9, டயப்பரும் கூடுதல் சலவையும் 5. ஆக 136. இதற்கு மேல் திரும்பக் கிடைக்காத நுழைவுக் கட்டணம் ஒரு மாத வாடகை. மூன்றாவது இல்லத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. வாங்கும் டெபாசிட்டும் வெளியேறும்போது திரும்பக் கிடைப்பது.

இதில் அந்த 22 எப்படி வந்தது என்பதை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். இல்லம் ஒவ்வொரு உதவிக்கும் நாளொன்றுக்குப் புள்ளி போடுகிறது. குளியலுக்கு 10, உடை மாற்ற 5, கழிப்பறைக்குக் கூட்டிப்போக முறைக்கு 3 வீதம் மூன்று முறைக்கு 9. மொத்தம் 24. 25 புள்ளி வரை முதல் நிலை, அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் மதிப்பீட்டுத் தாளில் ‘சாப்பாட்டு அறைக்கு வீல்சேரில் தள்ளிச் செல்லுதல், வேளைக்கு 2’ என்று மேலும் 6 சேர்ந்து 30 ஆகி, இரண்டாம் நிலைக்குப் போய்விட்டது. அம்மா வாக்கர் பிடித்து நடப்பவர். இடம் புதிது என்பதால் முதல் வாரம் மட்டும் தள்ளிக்கொண்டு போனார்கள். மதிப்பீடும் அதே வாரத்தில்தான் நடந்தது. புது இடத்தில் முதல் வாரம் யாருக்கும் தடுமாற்றம்தான், அந்த வாரத்தில் எடுக்கும் மதிப்பீடு கூடுதலாகத்தான் வரும். பதினைந்து நாள் கழித்து மறுமதிப்பீடு கேட்பது சேர்ப்பதற்கு முன்பே எழுதி வாங்க வேண்டிய நிபந்தனை. உங்கள் ஆலோசகர் இதைச் சொல்லவில்லை.

இப்போது கேட்டால் இல்லத்தார் ஒப்பந்தத்தின் பராமரிப்புப் பிரிவைக் காட்டுகிறார்கள். நிலை உயர்ந்தால் ஏழு நாளில் புதிய கட்டணம். நிலை குறைந்தால் அடுத்த ஆறு மாத மதிப்பீட்டில்தான். ஏறுவது ஏழு நாளில், இறங்குவது ஆறு மாதத்தில். இந்த ஒரு வரிக்கு உங்கள் அட்டவணையில் தனிப் பத்தியே இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது உங்கள் செலவுக் கணிப்பான். மூன்று ஆண்டுக்கு என்று கொடுத்தால் 100ஐ 36ஆல் பெருக்கி 3,600 என்று காட்டுகிறது. பெருக்கல் சரி, பெருக்கிய எண் தவறு. முதல் இல்லம் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏற்றுகிறது, அதுவும் அறைக்கு மட்டுமல்ல, மொத்த பில்லுக்கும். முதல் ஆண்டு 1,632, இரண்டாம் ஆண்டு 1,763, மூன்றாம் ஆண்டு 1,904, நுழைவுக் கட்டணம் 100. கூட்டினால் 5,399. நீங்கள் காட்டியதைப் போல ஒன்றரை மடங்கு. உங்கள் கணிப்பானை நம்பி 3,600ஐ ஒதுக்கிய குடும்பத்துக்கு 24 மாதத்தில் பணம் தீர்ந்துவிடும்; மிச்சம் இருப்பது 25ஆம் மாத பில்லுக்கும் போதாது. 5 சதவீதம் ஏற்றும் மூன்றாவது இல்லத்துக்கு இதே மூன்று ஆண்டு 4,842தான். பச்சை நிறம் எதற்குப் பூசியிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். இத்தனைக்கும் இது பராமரிப்பு நிலை மூன்று ஆண்டும் உயராது என்று வைத்துப் போட்ட கணக்கு. வயது ஏற ஏற நிலையும் ஏறும் என்பதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும்.

மருத்துவமனை நாட்கள். இரண்டாவது மாதத்தில் 11 நாள் அம்மா மருத்துவமனையில் இருந்தார். அறையைக் காலியாக வைத்திருந்ததற்கு வாடகை வாங்குவது நியாயம். அதில் எங்களுக்குப் பேச்சில்லை. குளிப்பாட்டாத 11 நாளுக்குப் பராமரிப்புக் கட்டணமும், கொடுக்காத மாத்திரைக்கு நிர்வாகக் கட்டணமும் எதற்கு? பராமரிப்பு 22, மாத்திரை 9, ஆக மாதம் 31. அதை 30 நாளால் வகுத்து 11ஆல் பெருக்கினால் 11.4 வருகிறது. மூன்றாவது இல்லத்தின் ஒப்பந்தத்தில் மூன்று நாளுக்கு மேல் வெளியே இருந்தால் இதைக் கழிக்கும் விதி இருக்கிறது, கேட்டு வாங்கிப் படித்தோம். உங்கள் அட்டவணையில் இப்படி ஒரு கேள்வியே இல்லை.

‘24 மணி நேரப் பராமரிப்பு’ என்று மூன்று இல்லத்துக்கும் டிக் போட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அது பொய்யல்ல. ஆனால் முதல் இல்லத்தில் இரவில் இரண்டு மாடிக்கும் சேர்த்து 24 பேருக்கு ஒரே அட்டெண்டர். மேல்மாடியில் ஒருவர் விழுந்து அவரைத் தூக்கப் போனால், கீழே மணி அடிப்பவருக்கு ஆள் இல்லை. கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: இரவில் எத்தனை பேர், அவர்கள் விழித்திருக்கும் பணியா, படுத்துக்கொண்டு கூப்பிட்டால் எழும் பணியா.

‘மருத்துவமனை 3 கி.மீ.’ என்பதும் அப்படித்தான். சிறிய ஊரில் தூரம் ஒரு பொருட்டே இல்லை, எல்லாமே பக்கம். அந்த மருத்துவமனையில் இரவில் சி.டி. ஸ்கேன் எடுக்க ஆள் கிடையாது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் பார்த்தாக வேண்டும். ஸ்கேன் இருக்கும் இடம்வரை இரவில் எவ்வளவு நேரம் என்பதுதான் பயன்படும் தகவல்.

எந்த நிலையில் ‘இனி வைத்துக்கொள்ள முடியாது’ என்பார்கள் என்பதும் அட்டவணையில் இல்லை. முதல் இல்லத்தில் படுக்கையிலிருந்து எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டாலோ, குழாய் வழி உணவு என்றாலோ வெளியேற வேண்டும். நாங்கள் போவதானால் 30 நாள் முன்னறிவிப்பு. அவர்கள் அனுப்புவதானால் 15 நாள். பெரிய நகரத்தில் அடுத்த இல்லம் தேடிக்கொள்ளலாம். இங்கே அடுத்த இல்லத்தில் காத்திருப்போர் பட்டியல்.

அது போகட்டும், இந்த ஊரில் இருப்பதே ஐந்து இல்லங்கள். நீங்கள் காட்டியது மூன்று. விடுபட்ட இரண்டும் உங்களுக்குக் கமிஷன் தருவதில்லை என்று உங்கள் ஆலோசகரே தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். ஐம்பதில் ஐந்தை விடுவது வேறு, ஐந்தில் இரண்டை விடுவது வேறு. கமிஷன் வாங்குவதில் தவறில்லை. குடும்பத்திடமும் கட்டணம் வாங்கிக்கொண்டு, இல்லத்திடம் கமிஷனும் வாங்கிக்கொண்டு, ‘பாரபட்சமற்ற முழு ஒப்பீடு’ என்று தலைப்பிடுவதுதான் தவறு.

இதைச் சரிசெய்வது பெரிய வேலை அல்ல. 1963இல் வந்த காட்ஸ் அட்டவணை குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நகர்தல், சிறுநீர் மலம் கட்டுப்படுத்தல், உண்ணுதல் என்ற ஆறு செயல்களில் எதற்கு உதவி வேண்டும் என்று பார்க்கிறது. சேர்க்கப்போகும் ஆளுக்கு அதைப் பூர்த்தி செய்து, அன்றாடம் எத்தனை மாத்திரை, எத்தனை டயப்பர் என்று சேர்த்து, அதே தாளை எல்லா இல்லத்துக்கும் அனுப்பி, ‘இவருக்கு முதல் மாத முழு பில் எவ்வளவு, 13ஆம் மாதம் எவ்வளவு’ என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரே ஆள், ஒரே மாதம், முழு பில். ஒப்பீடு என்றால் அது. ஐந்து இல்லங்களுக்கு இதற்கு இரண்டு நாள் ஆகுமா?

எங்கள் கோரிக்கை: பதிவுக் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். பரிந்துரைத்தவர்கள் என்ற முறையில், வீல்சேர் புள்ளிகளை நீக்கி உடனே மறுமதிப்பீடு செய்யவும், 11 நாள் கட்டணத்தைக் கழிக்கவும் இல்லத்திடம் நீங்கள் எழுத்தில் கேட்டு, அதன் நகலை எங்களுக்கு அனுப்ப வேண்டும். அட்டவணையிலிருந்து ‘சிக்கனமான தேர்வு’ நீக்கப்பட்டு, கமிஷன் தரும் இல்லம் எது என்ற குறிப்பு சேர்க்கப்பட வேண்டும்.

15 நாளுக்குள் எழுத்து வடிவில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம். இரண்டு மாத பில், மதிப்பீட்டுத் தாள், ஒப்பந்தத்தின் பராமரிப்புப் பிரிவு, உங்கள் அட்டவணை ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளோம். மூலப் பிரதிகள் எங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
பதிவு செய்த குடும்பத்தினர்