பயிற்றுவிப்பாளரை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன் டன்பார் மைதானத்தில் போன ஞாயிறும் எங்கள் தோட்டத்து உதைபந்தாட்ட அணி தோற்றுவிட்டது. 18 வருஷமாக ஒரே பயிற்றுவிப்பாளர். எனக்கும் பந்து உதைக்கக் கற்றுத் தந்தவர், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் பின்னாலிருந்து தூக்கி அடி, முன்னால் ஓடு என்பதைத் தவிர வேறு திட்டமே இல்லை. மழையில் அடித்த பந்தெல்லாம் சேற்றில் அப்படியே நின்றுபோக, வேகமான பையன் ஒருவன் வாங்கில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான், கடைசிவரை இறக்கவில்லை. 2003-04இல் இங்கிலாந்தின் ஆர்சனல் அணியை லீக்கில் ஒரு போட்டியும் தோற்காமல் கொண்டுபோன பயிற்றுவிப்பாளர் வெங்கரே 2018இல், 22 வருஷத்தோடு விலகினாரே! சரி, சிறுவர் அணியை இவரிடமே கொடுங்கள், பெரிய அணிக்கு வேறு ஆள் பாருங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து ரசிகன், ஹட்டன்