குழாய் பொருத்திய பிறகு என்ன?

ஆசிரியருக்கு,

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மீண்டவர்களைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தும் டிரக்கியாஸ்டமி பற்றி அதில் ஒரே வரிதான்: வென்டிலேட்டரிலிருந்து விடுபட அது உதவுமாம். சரி, அப்புறம்? பிரிட்டனில் 909 நோயாளிகளைச் சேர்த்து நடத்தி 2013-இல் வெளியான டிராக்மேன் ஆய்வு, 4 நாளுக்குள் துளையிடுவதையும் 10 நாள் பொறுத்துப் பார்ப்பதையும் ஒப்பிட்டது. உயிர் பிழைப்பதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரு பிரிவிலும் இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்திருந்தார்கள். துளையால் இறந்தார்கள் என்று பொருளல்ல. அவ்வளவு நோயுற்றவர்கள் அவர்கள். துளையிடச் சம்மதக் கையெழுத்து வாங்கும்போதே குடும்பத்தாரிடம் இதைச் சொல்ல வேண்டாமா?

என் தந்தை குழாயோடுதான் வீடு திரும்பினார். சளி உறிஞ்சுவதைச் செவிலியர் ஒருமுறை செய்து காட்டினார், அவ்வளவுதான். ஒரு நள்ளிரவில் சளி இறுகி மூச்சு விசிலடித்தபோது, உள்குழாயைக் கழற்றிக் கழுவ என் கை நடுங்கியது. குழாயால் குரல் வராததால், அப்பா சிலேட்டில் எழுதித்தான் பேசினார். பேசுவதற்கென்று ஒரு வால்வு உண்டு என்பதே எங்களுக்குப் பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது. குழாயோடு அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் மறுபரிசோதனைத் தேதியையும், குழாயை எடுப்பது பற்றி முடிவு செய்யும் மருத்துவரின் பெயரையும் எழுதித் தர வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்பவர் செவிலியர் முன்னிலையில் தானே செய்து பழகிய பிறகே அனுப்ப வேண்டும்.

– ஒரு வாசகர்