வரி விதிக்கும்போது மட்டும் தையல் கத்தரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவை சிகிச்சைக் கருவிகளின் இறக்குமதி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'சாதாரணக் கத்தரிக்கோலை மருத்துவக் கருவி என்று காட்டி வரியை மிச்சம் பிடிக்கிறார்கள்' என்று போகிறபோக்கில் ஒரு வாக்கியம். எழுதியவர் வானாஸ் கத்தரியைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பாரா, தெரியவில்லை. கண் அறுவைக்கானது அது. விரல் நுழைக்க வளையம் கிடையாது, ஸ்பிரிங் கைப்பிடிதான். வெட்டும் வாய் ஓர் அரிசி நீளம். சுங்கப் பரிசோதனையில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, அதை எடுத்து ஒரு ஏ4 தாளை நறுக்கிப் பார்த்தார். நறுக்கியது. "பாருங்க, கத்தரிதானே?" என்றார். அந்தத் தாளோடு அதன் முனையும் போயிற்று. நஷ்டம் என் தலையில்.

தங்களுக்குத் தெரியாததல்ல. சுங்க வரிப் பட்டியலில் சாதாரணக் கத்தரி வரும் 82ஆம் அத்தியாயம் அடங்கிய 15ஆம் பிரிவு, மருத்துவக் கருவிகள் வரும் 18ஆம் பிரிவின் கருவிகள் தன்னில் சேராது என்று தொடக்கக் குறிப்பிலேயே சொல்லிவிடுகிறது. வடிவம், உலோகம், தயாரிப்புத் தரம், கிருமிநீக்கத்துக்குக் கழற்றும் வசதி போன்றவற்றால் மருத்துவப் பயன் தெளிவாகத் தெரிந்தால் கத்தரி, சுத்தியல், உளி எல்லாம் மருத்துவக் கருவிகளுக்கான 9018ஆம் எண்தான் என்கிறது உலக சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பு. கண் அறுவைப் பெட்டியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

2020 பட்ஜெட்டில் 9018 முதல் 9022 வரை 5 சதவீத சுகாதார செஸ் போட்டார்களே, அன்றைக்கு இது தையல் கத்தரி என்று யாருக்கும் தோன்றவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 9018க்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. சாதாரணக் கத்தரிக்கான 8213க்கு 18. இப்போது திடீரென்று எல்லார் கண்ணுக்கும் கத்தரி தெரிகிறது! சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு என்பதால் மருத்துவமனைகள் இந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அப்புறம் அது யார் பில்லில் ஏறும்?

2019இல் பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீத சுங்க வரி என்றார்கள். அந்நாட்டின் சியால்கோட் நகரக் கருவிகளை விட்டுவிட்டு, கூடுதல் விலைக்கு ஜெர்மனியின் டுட்லிங்கனிலிருந்து வாங்கினோம். ஒரு வார்த்தை பேசவில்லை. 2011 முதல் சுய மதிப்பீடு. சரி, நாங்களே வகைப்படுத்துகிறோம். அதிகாரிக்குப் பிடிக்காவிட்டால் 'உண்மையை மறைத்தான்' என்று சுங்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவின் கீழ் 5 ஆண்டு பின்னோக்கி நோட்டீஸ். பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தில் கருவியின் பெயர், மாடல் எண் எல்லாம் எழுதியவன் எதை மறைத்தானாம்? சரக்கு எந்த வகை என்று முன்கூட்டியே தீர்ப்பாணை வாங்கலாமே என்று அறிவுரை வேறு. அதை வழங்கும் ஆணையத்துக்கு அமர்வுகள் இருப்பது டெல்லியிலும் மும்பையிலும். ஒரு பெட்டி கத்தரிக்காக மதுரைக்காரன் மும்பை வக்கீலைப் பிடிக்க வேண்டும்.

எங்களை வரி ஏய்ப்பவர்கள் என்று எழுத உங்களுக்கு இடம் இருந்தது. அந்த விளக்கக் குறிப்புக்கும் அடுத்த இதழில் ஓரமாக நான்கு வரி ஒதுக்குங்கள். கட்டுரைக்குப் போட்ட படம் தையல்காரர் கத்தரி. இணையப் பதிப்பிலாவது அதை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
கண் அறுவைக் கருவி விற்பனையாளர்,
மதுரை