'.அலைன்' கட்டளையை லேப் ஷீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்

பினாங்கில் அசெம்பிளி (சிப்பின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் மொழி) சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும், வேலைக்குப் புதிதாக வருகிறவர்களைப் பழக்கும் மூத்த பொறியாளர்களுக்கும் வணக்கம்.

நான் பாயான் லெப்பாஸில் ஃபர்ம்வேர், அதாவது சாதனங்களுக்குள்ளேயே ஓடும் மென்பொருள், எழுதுகிறவன். எங்களிடம் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன் மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. ஆர்ம் வகைச் சிப் உள்ள போர்டிலும், எக்ஸ்86 வகைச் சிப் உள்ள அவனுடைய லினக்ஸ் லேப்டாப்பிலும் ஓட வேண்டிய புரோகிராம்; எண் அட்டவணை இருந்த கோப்பு இரண்டுக்கும் பொது. போர்டில் ஒரு குறையும் இல்லை. லேப்டாப்பில் மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட்: நினைவகத்தைத் தவறாகத் தொட்டதாகச் சொல்லி புரோகிராம் நின்றுவிடும். அட்டவணைக்கு மேலே இருந்த செய்தியில் நாலு எழுத்தைக் கூட்டினால் ஓடும். இன்னொரு எழுத்தைக் கூட்டினால் விழும். பாவம், தன் மூளையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டான்.

அட்டவணைக்கு முன்னால் '.அலைன் 4' என்று இருந்தது. அடுத்து வருவதை ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுபடும் நினைவக முகவரியில் தொடங்கவைக்கும் கட்டளை அது. அசெம்பிளியை இயந்திர மொழிக்கு மாற்றும் குனு அசெம்பிளரில் ஆர்முக்கு அந்த 4 என்பது இரண்டின் நான்காம் அடுக்கு, அதாவது 16 பைட். லினக்ஸ் எக்ஸ்86-இல் அதே 4 வெறும் 4 பைட். அட்டவணையைப் படித்த 'மூவ்ஏபிஎஸ்' கட்டளையோ 16-ஆல் வகுபடும் முகவரியைத்தான் ஏற்கும். 4-ஆல் வகுபடும் முகவரிகளில் நாலுக்கு ஒன்றுதான் அப்படி அமையும். அசெம்பிளர் ஓர் எச்சரிக்கைகூடக் கொடுக்கவில்லை. அதன் கணக்கில் தப்பே நடக்கவில்லையே.

இது ஒளித்துவைத்த விஷயமல்ல. ஒவ்வொரு இயந்திரத்தின் சொந்த அசெம்பிளர் நடந்துகொண்டபடியே தானும் நடக்க வேண்டியிருந்ததால் இந்த வேறுபாடு என்று குனு கையேடே சொல்கிறது. இன்றைக்கு அதை மாற்றினால் பழைய கோட் எத்தனையோ உடையும். அதனால் அவர்களிடம் கேட்கவில்லை, உங்களிடம் கேட்கிறேன்.

அவன் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த லேப் ஷீட்டைப் பார்த்தேன். "நான்கு பைட்டுக்கு ஒழுங்குபடுத்தும்" என்று ஒரே வரி. எந்தச் சிப்புக்கு என்று இல்லை. பிள்ளைகள் அதை எல்லா இடத்துக்கும் பொது என்றுதானே எடுத்துக்கொள்வார்கள்?

மாற்று அதே அசெம்பிளரில் இருக்கிறது. பைட் கணக்குக்கு '.பி-அலைன்', இரண்டின் அடுக்குக்கு '.பி2அலைன்'. இரண்டுக்கும் எல்லாச் சிப்பிலும் ஒரே பொருள். எண்ணைப் பதிக்கும் '.வேர்ட்' கட்டளையும் '.அலைன்' போலச் சிப்புக்குச் சிப் மாறும்: எக்ஸ்86-இல் 2 பைட், ஆர்மிலும் ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்னொரு சிப் வகையிலும் 4. '.2பைட்', '.4பைட்' என்று எழுதப் பழக்குங்கள். ஒவ்வொரு எடுத்துக்காட்டின் தலையிலும் எந்தச் சிப்புக்கு எழுதியது என்று ஒரு வரி சேருங்கள்.

தம்பி கடைசியில் மாற்றியது ஒரே வரி, '.பி-அலைன் 16'. ஆசிரியர்களே, அடுத்த பருவத்துக்கான தாள்களை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு சனிக்கிழமை சொல்லுங்கள். நானும் அவனும் வந்து உங்களோடு உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தித் தருகிறோம்.