ஹன்னாவின் அப்பாவைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களுக்கு

பெயர் சொல்லி நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் உதவியவர்களில் பாதிப் பேர் "என் பெயர் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரிடம் நான் கேட்கவில்லை. அதனால் அவரவர் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன். படிக்கும்போது யாரென்று அவர்களுக்கே தெரியும். ஆங்கிலத்தில் ஒரு மடல் எழுதி எல்லோருக்கும் அனுப்பியாயிற்று. இதைத் தமிழில் எழுதக் காரணம், முக்கியமான முடிச்சை அவிழ்த்தவர் கும்பகோணத்தில் இருக்கிறார். ஆங்கிலப் பத்திரம் படிப்பார்; பாராட்டை மட்டும் தமிழில்தான் வாங்கிக்கொள்வார்.

விஷயம் இதுதான். என் மாமியாருக்கு 84 வயது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அவர் திரும்பிப் பார்ப்பார். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தபோது ஒருநாள் பரணிலிருந்து குடும்ப பைபிளை எடுத்துவரச் சொன்னார். பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்கும் இடத்தில் சில பக்கங்களில் பிறப்பு, கல்யாணம், சாவு என்று எழுதிவைப்பது அங்கே பழைய வழக்கம். முதல் வரியில் எட்டுத் தலைமுறைக்கு முந்தைய ஒரு மூதாதையின் முழுப் பெயர். பக்கத்தில் "அவர் மனைவி ஹன்னா". அவ்வளவுதான். ஹன்னா யார் வீட்டுப் பெண் என்று அத்தையின் அம்மாவும் தேடியிருக்கிறார், பாட்டியும் தேடியிருக்கிறார். "நான் போறதுக்குள்ள இது தெரியணும்" என்றார் அத்தை.

1700 வாக்கில் நியூ இங்கிலாந்தில், அதாவது மாசசூசெட்ஸ் இருக்கும் அமெரிக்க வடகிழக்குப் பகுதியில், ஒரு ஹன்னாவைத் தேடுவது நம்மூரில் ஒரு லட்சுமியைத் தேடுவது மாதிரி. கல்லெறிந்தால் ஒரு ஹன்னா மேல்தான் விழும். கல்யாணமானதும் பிறந்த வீட்டுப் பெயர் போய்விடும். அதற்கப்புறம் ஏட்டில் அவள் இன்னார் மனைவி. அவர் செத்தபின் இன்னார் விதவை.

முதல் நன்றி ஒரு சின்ன ஊரின் நகர எழுத்தர் அலுவலகத்தில் இருக்கும் அம்மாவுக்கு. பழைய ஏட்டைத் தொட வெள்ளைக் கையுறை கேட்டேன், சினிமாவில் பார்த்த நினைப்பில். சிரித்துவிட்டு, "கையைக் கழுவித் துடைச்சுட்டு வாங்க, அது போதும். கையுறை போட்டா காகிதத்தின் ஓரம் விரலுக்குத் தெரியாது, கிழிச்சுடுவீங்க" என்றார். அன்று மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவர் எழுந்து போகவில்லை.

அடுத்தது பாஸ்டன் நியூபரி தெருவில், 1845-இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகத்தின் நூலகத்தில் உதவிய பெரியவர். நான் அவரிடம் கொண்டுபோனது ஒரு மானப் பிரச்சினை. ஹன்னாவுக்கு ஒரு குழந்தை 1701 பிப்ரவரி 20, அடுத்த குழந்தை 1701 மார்ச் 30. ஐந்து வாரத்தில் எப்படி இரண்டு பிரசவம்? ஒன்று பதிவு தப்பு, இல்லையென்றால் வீட்டில் இன்னொரு பெண் இருந்திருக்கிறாள் என்று கதையே கட்டிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "மூத்தது மார்ச் குழந்தை. பிப்ரவரிக் குழந்தைதான் இளையது." 1752 வரை இங்கிலாந்துக்கும் அதன் குடியேற்றங்களுக்கும் சட்டப்படி வருஷம் பிறந்தது மார்ச் 25-ஆம் தேதி. ஆக 1701 மார்ச் கடைசியில் தொடங்கி அடுத்த பிப்ரவரி வந்தாலும் அது இன்னும் 1701-தான். சில எழுத்தர்கள் 1701/2 என்று இரண்டு வருஷத்தையும் போட்டுவைப்பார்கள். எங்கள் ஊர் எழுத்தர் அந்தத் தயவைக் காட்டவில்லை. சித்திரையில் வருஷம் பிறக்கும் வீட்டிலிருந்து வந்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இன்னொரு மாயையையும் அவர்தான் கலைத்தார். இணையத்தில் பலரும் போட்டிருந்த வம்சாவளிகளில் எங்கள் ஹன்னாவுக்கு இப்ஸ்விச் என்ற ஊரில் ஒரு அப்பா இருந்தார். எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்ததால் நானும் நம்பினேன். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் நகலெடுத்ததுதான் அது. அந்த இப்ஸ்விச் ஹன்னா மூன்று வயதில் இறந்துபோனதை அச்சிட்ட பிறப்பு இறப்புப் பதிவுப் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டினார். அடுத்துப் பிறந்த பெண்ணுக்கும் ஹன்னா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி வைப்பது அந்தக் காலத்தில் சகஜம். அவள் வேறு ஊரில் வேறு ஆளைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் இதற்கிடையில் ஒரு கட்டணச் சேவைக்குப் பணம் கட்டி, சிங்கம் போட்ட குலச்சின்னம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டும் அளவுக்குப் போயிருந்தேன். அதைக் கேட்டு அவர் திட்டவில்லை. 1942-இல் இறந்த குஸ்தாவ் ஆன்ஜூ என்பவர் பணக்காரக் குடும்பங்களுக்குப் பொய் வம்சாவளி எழுதி விற்றே பிழைத்தார் என்றும், அவர் கலந்த தண்ணீரை இன்னும் வடிகட்டிக்கொண்டிருக்கிறோம் என்றும் சொன்னார். சிங்கம் இப்போது எங்கள் வீட்டு கராஜில்.

பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்குத் தனி நன்றி. பழைய கையெழுத்து படிக்க அவர் எனக்கு அரிச்சுவடி நடத்தினார். ஒரு மாதம், வாரம் இரண்டு மாலை. எஸ் எழுத்து எஃப் மாதிரி நீண்டு நிற்கும். பெரிய எஃப்புக்குப் பதில் சின்ன எஃப் இரண்டு. "யீ" என்று தெரிவதை "தி" என்று படிக்க வேண்டும். "தெரியாத சொல்லை ஊகிக்காதே, அதே ஆள் எழுதின தெரிந்த சொல்லில் அந்த எழுத்தைத் தேடு" என்பது அவர் பாடம். கூலியாக இட்லி கேட்டார். நான்தான் கடன்பட்டவள்.

கல்லறையில் உதவிய இளைஞரையும் மறக்கவில்லை. ஸ்லேட் கல்லில் எழுத்து தேய்ந்திருந்தது. சாக்பீஸ் தேய்க்கப்போன என் கையைப் பிடித்து நிறுத்தினார்; கல் கெட்டுவிடுமாம். தன் வண்டியிலிருந்து ஆளுயரக் கண்ணாடி ஒன்றை எடுத்துவந்து, வெயிலைப் பக்கவாட்டில் கல்மேல் சாய்த்துத் திருப்பினார். இறக்கை வைத்த மண்டையோடு முதலில் எழுந்து வந்தது, அப்புறம் அதன் கீழே ஹன்னாவின் பெயர். பிறந்த வீட்டுப் பெயர் அதிலும் இல்லை. ஆனாலும் அத்தைக்குக் காட்ட ஒரு படம் கிடைத்தது.

சரி, சித்தப்பா.

சித்தப்பா கும்பகோணம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவர். வாட்ஸாப்பில் பேசும்போது, சேலம் பதிவு அலுவலகத்துப் பத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன் என்று வாய்தவறிச் சொன்னேன். "சேலத்துலயா? அங்க எனக்கு ஆள் இருக்கே" என்றார். இது எசெக்ஸ் கவுன்டியின் தலைநகரான சேலம், 1692-இல் சூனியக்காரர்கள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்ட ஊர் என்று விளக்கியதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பு" என்றார்.

ஹன்னாவின் வீட்டுக்காரர் விற்ற நிலங்களின் பத்திரங்கள் ஆறு கிடைத்திருந்தன. நான் ஒவ்வொன்றிலும் பெயர்களை மட்டும் தேடிவிட்டு ஒதுக்கியிருந்தேன். சித்தப்பா எல்லாவற்றையும் எழுத்துவிடாமல் படித்திருக்கிறார். மறுநாள் காலை எனக்கு ஐந்து மணி, அழைப்பு.

"ஏம்மா, அஞ்சு பத்திரத்துல இந்தப் பொண்ணு பேர் கீழ வருது, ஒண்ணுல மட்டும் மேல வருதே, பாத்தியா?"

பார்க்கவில்லை. ஐந்து பத்திரங்களில் விற்பவர் கணவர். கடைசியில் "ஹன்னாவும் தன் விதவைப் பங்கு உரிமையை விட்டுக்கொடுக்கிறாள்" என்று ஒரு வரி. கணவன் இறந்தால் அவர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை மனைவி ஆயுள் வரை அனுபவிக்கலாம் என்பதால், வாங்குகிறவர்கள் அந்தச் சம்மதத்தை எழுதி வாங்கிக்கொள்வார்கள். 1724-ஆம் வருஷப் பத்திரத்தில் மட்டும் முதல் வரியிலேயே கணவரும் ஹன்னாவும் சேர்ந்து விற்கிறார்கள்.

"கீழ இருந்தா சம்மதம். மேல இருந்தா அவதான் சொத்துக்காரி. இது அவ அப்பன் வீட்டு நிலம். செக்குபந்தியைப் படி, எல்லை யார் யார்னு பாரு."

படித்தேன். இரண்டு ஏக்கர் உப்புச் சதுப்பு. கடலோரச் சதுப்பில் எதற்கு நிலம் என்று சித்தப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். அங்கே விளையும் உப்புப் புல்தான் குளிர்காலத்துக்கு மாட்டுத் தீவனம். அதை அறுத்து, தண்ணீர் எட்டாமல் குச்சிக்கால்கள்மேல் போராக அடுக்குவார்கள் என்றேன். "அப்ப அது வைக்கோல் போர் இருக்கற களம் மாதிரி, விக்கவே மாட்டானே" என்று முனகிக்கொண்டார். எல்லைகள்: வடக்கே ஓடை. தெற்கே ஒருவர் சதுப்பு. மேற்கே இன்னொருவர் சதுப்பு. அந்த இரண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர்.

"அண்ணன் தம்பிங்க. ஒரே துண்டை அப்பன் செத்தப்புறம் பாகம் பிரிச்சிருக்காங்க. பாகப்பிரிவினைய எடு. மாப்பிள்ளை பங்கு வாங்கினதுக்கு ரசீது எழுதிக் குடுத்திருப்பான், அதையும் தேடு."

இருந்தது. ரௌலி ஊரில், அந்தக் குடும்பப் பெயரில், உயில் எழுதாமல் இறந்த ஒருவரின் சொத்துக் கோப்பில் எல்லாம் இருந்தது. மூத்த மகனுக்கு இரண்டு பங்கு, மற்றவர்களுக்கு, பெண்கள் உட்பட, ஒவ்வொரு பங்கு: மாசசூசெட்ஸ் சட்டம் அப்படித்தான். கோப்பின் கடைசித் தாளில் ஹன்னாவின் கணவர் கையெழுத்தில், "என் மனைவி ஹன்னாவுக்கு அவள் தகப்பனார் சொத்தில் சேரவேண்டிய பங்கைப் பெற்றுக்கொண்டேன்".

சித்தப்பாவிடம் சொன்னபோது முடிச்சு அவிழ்ந்ததைவிட வேறொன்றில்தான் அவர் மனம் நின்றது. "அப்பவே பொண்ணுக்குப் பங்கு எழுதியிருக்கான். இங்க 89-ல பொண்ணுக்கும் பங்குன்னு சட்டம் வந்தப்புறமும் எத்தனை பொண்ணுங்ககிட்ட பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருக்கேன் தெரியுமா? புடவை ஒண்ணு, ஆயிரம் ரூபா" என்றார். அந்தப் பங்கும் பெரும்பாலும் கணவன் கைக்குத்தான் போனது என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

ரௌலி கிடைத்ததும் மீதி வழி தார் ரோடு. 1638-இல் யார்க்‌ஷயரிலிருந்து எஸக்கியேல் ராஜர்ஸ் என்ற பாதிரியார் தன் சபையாரில் சில குடும்பங்களைக் கப்பலேற்றி வந்து, அடுத்த வருஷம் அமைத்த ஊர் அது. துணி நெய்கிறவர்கள். ஹன்னாவின் தாத்தா அந்த முதல் கூட்டத்தில் ஒருவர்.

அதே கோப்பில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் இருந்தது. இறந்தவரின் உடைமைப் பட்டியலில் பித்தளைக் கொப்பரை, இறகு மெத்தை, ராட்டை, ஒரு ஜோடி எருது என்று வரிசையாக வந்து, நடுவில் ஒரு வரி: ஒரு கறுப்பினச் சிறுவன், பக்கத்தில் பவுண்டில் விலை. பெயர் இல்லை. எருதுகளைவிட அதிக விலை. அடிமைமுறை தெற்கே பருத்திக் காட்டில் நடந்தது என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. 1641 சட்டத் தொகுப்பிலேயே மாசசூசெட்ஸ் அதற்கு இடம் வைத்திருந்தது. 1780களில் வந்த தீர்ப்புகளோடுதான் அது அங்கே ஓய்ந்தது. இதை அத்தைக்குப் படித்துக் காட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். காட்டினேன். "அந்தப் பையனை எங்கே எழுதுவது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு வழி சொன்ன நூலகப் பெண்ணுக்கு நன்றி. அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க வம்சத்தவரின் பெயர்களைத் திரட்ட பாஸ்டனின் அதே வம்சாவளிக் கழகம் 2023-இல் '10 மில்லியன் பெயர்கள்' என்ற திட்டம் தொடங்கியிருப்பதை அவர்தான் சொன்னார். பெயரில்லாத அந்த வரியின் நகலையும் அனுப்பியிருக்கிறோம். அதே வீட்டாரின் சபைப் பதிவில் ஞானஸ்நானக் குறிப்பு இருக்கிறதா என்று அவர் இன்னும் தேடித்தருகிறார்.

கடைசியாகக் கிடைத்த தாள் ஹன்னா விதவையான பிறகு எழுதப்பட்டது. சொத்து நிர்வாகத்தைத் தன்னால் பார்க்க முடியாது, மகனுக்குக் கொடுங்கள் என்று நீதிபதிக்கு ஒரு விண்ணப்பம். எழுதியது யாரோ. கீழே "ஹன்னாவின் அடையாளம்" என்ற சொற்களுக்கு நடுவில் அவளே போட்ட குறி: இரண்டு கோணல் கோடு, குறுக்கே ஒன்று, அது வலது பக்கம் வெகுதூரம் இழுத்துக்கொண்டு போகிறது. ஹெச் எழுத்து. அத்தை பூதக்கண்ணாடி வைத்து அதையே பார்த்தார். பிறகு பைபிளைக் கேட்டு வாங்கி, "அவர் மனைவி ஹன்னா" என்ற இடத்தில் பென்சிலால் அந்தக் குடும்பப் பெயரைச் சேர்த்து எழுதினார். பேனா கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டார்.

சித்தப்பாவின் கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. அந்த இரண்டு ஏக்கர் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். பார்க்கர் ரிவர் தேசிய வனவிலங்குப் புகலிடத்துக்குள் போய்விட்டது, அரசாங்க நிலம், பறவைகள்தான் இருக்கின்றன என்றேன். "அரசாங்கம் எடுத்துச்சுன்னா யாருக்கோ இழப்பீடு குடுத்திருப்பானே. அந்தப் பத்திரத்தை அனுப்பு" என்றார். அடுத்த வாரம் சேலம் போகிறேன்.